திருப்பூருக்குப் போவதா, இருப்பதா?

(உசிலம்பட்டியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசும்படி என்னைப் பணித்திருந்தால், நான் சொல்வதில் பாதியை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டும், மீதி நேரத்தில் வீட்டுக் காரியங்களை நினைத்துக்கொண்டும் நீங்கள் பொழுதைப் போக்கியிருப்பீர்கள். ஆனால் இக்கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களோ அந்த வீட்டுக் காரியத்தையே தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அறுவடை முடிந்து, மானாவாரி நிலம் வெடித்துக் கிடக்கும் மாதங்களில், இந்த வட்டாரத்துத் திண்ணைகளில் கணவனும் மனைவியும், தகப்பனும் மகனும், மாமனும் மைத்துனனும் கூடிப் பேசி, முடிவு காணாமல் எழுந்துபோகும் விவாதம் ஒன்று உண்டு. திருப்பூருக்குப் போய்விடலாமா, அல்லது இருக்கிற இடத்திலேயே இன்னும் ஒரு வருஷம் இருந்து பார்க்கலாமா என்பதே அது. வைகை அணை போதிய அளவு நிறைந்தால்தான் நம்முடைய 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வரும். அணை நிறைவதற்கு மழை வேண்டும். மழைக்கோ நம்மிடம் எந்த உடன்படிக்கையும் இல்லை. ஆகையால் இவ்விவாதம் இந்த வருஷத்தோடு ஓயப்போவதுமில்லை.

சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் ஆகிய பெருநகரங்களை விட்டுவிட்டுத் திருப்பூரை மட்டும் நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூருக்குப் போகிறவனிடம் பட்டம் எங்கே என்று கேட்கிறார்கள். சென்னைக்குப் போகிறவனிடம் முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். திருப்பூருக்கு இரவு பஸ் ஏறி, ஒட்டன்சத்திரமும் தாராபுரமும் தாண்டி, விடியற்காலையில் பஸ் நிலையத்தில் பையோடு இறங்குகிறவனிடம், நீ என்ன வேலை செய்வாய் என்ற கேள்விகூட எழுவதில்லை. எப்பொழுது வேலைக்கு வருவாய் என்றுதான் கேட்கிறார்கள். எழுத்தறியாதவனும், இயந்திரத்தைக் கண்ணால் பார்த்திராதவனும், யாருடைய சிபார்சும் இல்லாதவனும் ஒரு வாரத்திற்குள் கூலி வாங்கக்கூடிய ஊர் இந்தத் தமிழ்நாட்டில் இன்னொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகமே. வளர்ந்து முடிந்த நகரத்துக்கும் வளர்ந்துகொண்டிருக்கும் நகரத்துக்கும் உள்ள பேதம் இதுதான்: முன்னது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது, பின்னது அவர்களை வாரிக்கொள்கிறது.

அவ்வூர் எப்படி வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் அறிந்துகொள்ளாமல் அங்கே போவதன் லாப நஷ்டங்களைப் பேசுவதற்கில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரைத் தழுவி, கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யல் ஆற்றங்கரையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பருத்திச் சந்தையாகத்தான் திருப்பூர் முதலில் பெயர் பெற்றது. சுற்றுவட்டாரத்துக் கரிசல் காடுகளில் விளைந்த பருத்தி அங்கே வந்து, கொட்டை நீக்கப்பட்டு, பொதியாகக் கட்டப்பட்டு வெளியூர் போயிற்று. சுதந்திரப் போராட்ட காலத்தில் கதர் வந்தது. சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் பின்னலாடை இயந்திரங்கள் வந்தன. 1932 ஜனவரியில் தேசியக் கொடியைக் கையில் ஏந்தியபடியே தடியடி பட்டு உயிர் துறந்த குமரனை இன்று நாம் திருப்பூர் குமரன் என்று அழைக்கிறோம். அந்த மகானுபாவரோ சென்னிமலையில் பிறந்து, ஜீவனத்தை நாடித் திருப்பூருக்கு வந்து, பஞ்சு ஆலையொன்றில் வேலை பார்த்தவர். தன் பெயரை உலகறியச் செய்த மனிதனைக்கூட வெளியூரிலிருந்தே பெற்றுக்கொண்ட ஊர் அது.

நாட்டுக்குள் விற்கும் வெள்ளைப் பனியனைத் தைத்துக்கொண்டிருந்த அவ்வூர், 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் சட்டைகளை அனுப்பத் தொடங்கிற்று. அதற்குப் பிறகு நடந்தது வளர்ச்சி என்பதைவிடப் பெருக்கம் என்பதே பொருந்தும். 1961-இல் ஏறக்குறைய 80,000 பேர் வாழ்ந்த நகராட்சியில் 2001-இல் 3,44,000-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 2008-இல் அது மாநகராட்சியாயிற்று. 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. 2011 கணக்கெடுப்பின்படி, புதிதாகச் சேர்க்கப்பட்ட ஊர்களையும் கூட்டினால் 8,77,000-க்கு மேல். பழைய எல்லைக்குள் மட்டும் எண்ணினால் இதில் பாதிதான் வரும் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். நகரங்கள் ஜனங்களால் மட்டுமல்ல, அரசாங்க உத்தரவாலும் பெருப்பதுண்டு. இன்று அங்கிருந்து வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்ச் சரக்கு கப்பலேறுகிறது என்று ஏற்றுமதியாளர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள்.

இவ்வளவு பெரிய வர்த்தகத்தை நடத்தும் ஊரில், பெரிய புகைபோக்கிகளையும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில் நுழையும் ஆலைகளையும் எதிர்பார்த்துப் போகிறவனுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அத்தகையவையும் சில உண்டு. ஆனால் ஊரின் உயிர், சந்துகளில் இருக்கிறது. நூலை வாங்குபவர் ஒருவர். அதைத் துணியாகப் பின்னுவது நிட்டிங் வைத்திருக்கும் மற்றொருவர். வெளுப்பதும் சாயம் போடுவதும் வேறிடம். சாயம் போட்ட துணியைச் சுருங்காதபடி காம்பாக்டிங் செய்பவர் வேறு. வெட்டுவது ஒரு கூடத்தில், தைப்பது இன்னொரு கூடத்தில், அச்சுப் போடுவதும் பித்தான் வைப்பதும் பூவேலை செய்வதும் தெருவுக்குத் தெரு வெவ்வேறு மனிதர்கள். ஒரு சட்டை பெட்டிக்குள் அடைபடுவதற்கு முன்னால் அரை டஜன் முதலாளிகளின் வாசற்படியை ஏறி இறங்கிவிடுகிறது. இதை அவர்கள் ஜாப் ஒர்க் என்கிறார்கள். தையற்கூடத்துக்குள் நுழைந்து பார்த்தால், பவர் டேபிள் என்னும் நீண்ட மேசையின் இருபுறமும் ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்கள் வரிசையாக நிற்க, டைலர் தைத்துத் தள்ளும் கைப்பகுதியையும் கழுத்துப் பட்டியையும் பக்கத்தில் நின்று எடுத்து, மடித்து, அடுத்த தையலுக்கு வாகாக வைத்துக்கொடுக்கும் ஒரு பெண்ணோ சிறுவயதுக்காரனோ இருப்பார்கள். அந்த வேலைக்குக் கைமடி என்று பெயர். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் பிரவேசிப்பது அந்த இடத்தில்தான். நின்றுகொண்டே பார்த்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டைலர் வெளியே போயிருக்கும்போது வீண் துணியில் ஓட்டிப் பழகி, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ தானே இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கூடமும் கட்டணமும் இல்லாமல் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்துக் கூலியும் கொடுக்கிற ஏற்பாடு அது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சபையோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதற்கு எது காரணமோ அதுவேதான், நம்மை அவ்வளவு எளிதாக வெளியே விடுவதற்கும் காரணம். ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சிறு முதலாளிக்குச் சொந்தமாக ஆர்டர் கிடையாது. மேலே இருப்பவர் கொடுத்தால் உண்டு. ஆர்டர் வந்தால் ஆள் போதாமல் தெருவில் நிற்கிறவனைக் கைபிடித்து அழைக்கிறார். ஆர்டர் நின்றால், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். வேலையில் சேர்க்கும்போது கடிதம் கொடுக்காதவர் விலக்கும்போது மட்டும் எதற்காகக் கடிதம் கொடுக்கப்போகிறார்? 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்காலத்தில் ஒரே கூரையின்கீழ் நிறையப் பேர் நிரந்தரமாக வேலை பார்த்தார்கள். ஆகவே ஒன்றுகூடிக் கேட்க முடிந்தது. அதன் பிறகு கூடங்கள் சிதறின; வேலை காண்ட்ராக்டுக்கும் பீஸ் ரேட்டுக்கும் போயிற்று. இன்றும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில வருஷங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகின்றன. அந்த ஒப்பந்தத்தில் டைலருக்கு இவ்வளவு, கைமடிக்கு இவ்வளவு, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கு இவ்வளவு என்று தெளிவாக எழுதியும் இருக்கிறது. எழுதியிருப்பது சந்துக்குள் இருக்கும் எல்லாக் கூடத்துக்கும் எட்டுகிறது என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

தூரதேசத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு நம் பிழைப்பை எப்படித் தொடுகிறது என்பதையும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இந்தியச் சரக்கின்மீது 50 சதவீத வரி விதித்தது. வாஷிங்டனில் கையெழுத்தான அந்த உத்தரவு திருப்பூரில் முதலாவதாக யாரை எட்டிற்று? ஏற்றுமதியாளர் கவலைப்பட்டார், மனுக் கொடுத்தார், டில்லிக்குப் போனார். கவலைப்படுவதற்கு அவருக்கு அவகாசம் இருந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த கூடத்தில் ஒரு ஷிப்ட்தான் என்று சொல்லப்பட்ட கைமடிக்காரிக்கு அந்த அவகாசம்கூட இல்லை. இங்கே மழை பெய்யவில்லை என்றால் வானத்தை அண்ணாந்து பார்த்து இரண்டு வார்த்தை திட்டவாவது செய்கிறோம். அங்கே யாரைப் பார்த்துத் திட்டுவது என்றே தெரிவதில்லை.

சம்பாத்தியக் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறிப்போகிறார்கள். திருப்பூரில் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிறது. கையில் வந்த அந்தப் பணத்தைக் கொண்டு வருஷத்தையே அளந்துவிடுகிறோம். உதாரணத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன் டைலர், வாரம் 4,500 ரூபாய். மனைவி செக்கிங், வாரம் 3,000 ரூபாய். வாரத்துக்கு 7,500, வருஷத்துக்கு 52 வாரம், ஆகவே 3,90,000 ரூபாய் என்று திருவிழாவுக்கு வந்திருக்கும் மச்சான் மந்தையில் உட்கார்ந்து சொல்லுகிறார், கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். மச்சான் பொய் சொல்லவில்லை. ஆனால் வருஷத்தில் 52 வாரமும் அவருக்கு வேலை இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊரே காலியாகிறது. கம்பெனிகள் மறுபடி சூடு பிடிக்க நாளாகிறது. பொங்கல் இருக்கிறது, நம் ஊர்ச் சாமி கும்பிடு இருக்கிறது, கல்யாணம், காதுகுத்து, துக்கம் இருக்கின்றன. ஆர்டர் இடைவெளி இருக்கிறது. காய்ச்சலில் படுத்த வாரம் இருக்கிறது. பத்து வாரத்தைக் கழித்துவிடுங்கள்: 42 வாரத்துக்கு 3,15,000 ரூபாய். வீட்டு வாடகை மாதம் 5,000 என்றால் 60,000. கரண்டுக்கும் தண்ணீருக்கும் 12,000. சாப்பாட்டுக்கும் மளிகைக்கும் மாதம் 10,000 வீதம் 1,20,000. பிள்ளைகள் படிப்புக்கு 30,000. ஊருக்கு வந்துபோகும் பஸ் சத்தம், மொய், சீர் ஆகியவற்றுக்கு 30,000. ஆகச் செலவு 2,52,000, மிச்சம் 63,000. இந்த எண்களை உங்கள் உங்கள் நிலைமைக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வேலையில்லாத பத்து வாரம் தின்ற தொகை 75,000 என்பதையும், அது மிச்சமான தொகையைவிடப் பெரிது என்பதையும் மறக்க வேண்டாம். கூலி உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைவிட, வேலை தொடர்ந்து இருந்ததா என்பதே அவ்வூரில் ஒரு குடும்பத்தின் யோகத்தை நிர்ணயிக்கிறது.

அப்படியிருந்தும் 63,000 என்பது 63,000தான். நம்முடைய ஒரு குறுக்கம் மானாவாரிக் காடு அதைக் கொடுத்த வருஷத்தை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டுத்தான் அதை இகழ வேண்டும்.

குடியிருப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஊரில் எவ்வளவு எளியவனும் சொந்தத் திண்ணையில் படுத்தவன். அங்கே அவனுக்குக் கிடைப்பது லைன் வீடு. நீளமான ஓட்டுக் கட்டிடத்தையோ கான்கிரீட் கட்டிடத்தையோ ஏழு எட்டு வீடாகத் தடுத்திருப்பார்கள். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு, அவ்வளவுதான். குளியலறையும் கக்கூசும் வரிசையின் கோடியில், எல்லோருக்கும் பொது. வாசலில் ஒரு தொட்டி. வீட்டுக்காரர் பெரும்பாலும் அதே காம்பவுண்டில் மாடியில் இருப்பார். மின்சாரத்துக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்து, மின்வாரியக் கட்டணத்துக்கு மேலாக யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே ஒரு விலை போடுவார். அரசாங்கம் கொடுக்கும் இலவச யூனிட்டின் சலுகை அவருடைய மாடியோடு நின்றுவிடும். தண்ணீர் இரண்டு வகை: போர்வெல் தண்ணீர் உப்பு, அது துவைக்கவும் குளிக்கவும், பவானியிலிருந்து குழாய் வழியாக வரும் நல்ல தண்ணீர் குடிக்க. முதல் திட்டம், இரண்டாம் திட்டம் என்று எண்ணிட்டு இப்பொழுது நான்காம் குடிநீர்த் திட்டம் வரை வந்துவிட்டார்கள். ஆனாலும் நல்ல தண்ணீர் வரும் நாள் எது என்பதைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அன்று மனைவி வேலைக்குத் தாமதமாகப் போவாள். அரை நாள் கூலி போகும். குடிநீர்க் கணக்கில் இந்த அரை நாளை எந்த அதிகாரியும் சேர்ப்பதில்லை.

தண்ணீர் என்றதும் நொய்யலைச் சொல்லாமல் போக முடியாது. சட்டைக்கு நிறம் வேண்டும். நிறத்துக்கு உப்பும் ரசாயனமும் ஏராளமான நீரும் வேண்டும். உபயோகித்த நீர் எங்கேயாவது போயாக வேண்டும். அது ஆற்றில் போயிற்று. கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அணை, சாயக் கழிவைத் தேக்கும் குட்டையாக மாறிற்று. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய காடுகள் உவர் பூத்தன, கிணறுகள் கெட்டன. நம்மைப்போல மண்ணை நம்பியவர்கள்தாம் கோர்ட்டுக்குப் போனார்கள். பல வருஷம் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் நீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் உபயோகித்தால்தான் ஓட்டலாம் என்று நிபந்தனை விதித்தார்கள். முதலாளிகள் முதலில் முடியாது என்றார்கள். பிறகு பெரும் பணம் செலவிட்டுச் செய்தும் காட்டினார்கள். அந்த ஏற்பாட்டைப் பார்க்க இன்று பிற ஊர்களிலிருந்து வருகிறார்கள். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பட்டறைகள் நின்றிருந்த மாதங்களில் துணிக்குச் சாயம் போட வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். சாயப்பட்டறைத் தொழிலாளியை யார் எங்கே அனுப்பினார்கள்? வளரும் நகரம் செய்யும் தவறுக்குக் கீழேயுள்ள விவசாயி முதலில் விலை கொடுக்கிறான்; தவறைத் திருத்தும்போது உள்ளே இருக்கும் தொழிலாளி கொடுக்கிறான். இங்கிருந்து போகிறவர்கள் இந்த இரண்டாமவனாகப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இனித் தாய்மார்களைப் பற்றி. திண்ணை விவாதத்தில் பெண்களின் அபிப்பிராயத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்கப்படுவதில்லை. ஆனால் போன குடும்பங்களில் திரும்பி வர அதிகம் மறுப்பவர்கள் பெண்களே. காரணம் ஊகிக்கக் கடினமல்ல. களையெடுத்த கூலி இங்கே கணவன் கையிலோ மாமியார் கையிலோ போய்ச் சேருகிறது. அங்கே சனிக்கிழமைக் கவர் அவள் பெயரில் வருகிறது. சீலையைப் போர்த்திக்கொண்டு ஒதுங்கிப் போக வேண்டிய தெரு அங்கே இல்லை. இன்ன வீட்டு மருமகள் என்ற அடையாளம் கழன்று, நல்ல டைலர், கை வேகமுள்ள செக்கிங்காரி என்ற அடையாளம் கிடைக்கிறது. இந்த விடுதலைக்கு மதிப்புப் போட நான் யார்? அதே சமயம், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில் நம்முடைய இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் மூன்று வருஷம் அடைத்துவைத்து வேலை வாங்கிய வழக்கம் கொங்குநாட்டுப் பக்கத்தில் இருந்ததையும், இடையில் நோயுற்றுத் திரும்பியவர்களுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்காமற் போனதையும் இங்கே இருக்கும் தாய்மார்கள் அறிவார்கள். குடும்பத்தோடு போவது வேறு. பெண்ணை மட்டும் ஏஜெண்டு கையில் ஒப்படைப்பது வேறு. முன்னதைப் பற்றித்தான் நான் யோசனை சொல்வேன். பின்னது வேண்டவே வேண்டாம்.

வேற்றூருக்குப் போகிறவனுக்கு உள்ள பெரிய குறை கூலியும் அல்ல, வீடும் அல்ல என்பது என் எண்ணம். அவனுக்குச் சாட்சி இல்லை. நம் மதுரைக்கே பிழைக்க வந்த கோவலனை நினைத்துப் பாருங்கள். தொழில் தெரிந்த வணிகன்; முதலுக்குக் காற்சிலம்பு இருந்தது; கவுந்தியடிகளின் சிபார்சு இருந்தது; மாதரி என்னும் நல்ல மனசுக்காரி தங்க இடமும் சமைக்கச் சாமான்களும் கொடுத்தாள். புதிதாக ஒரு நகரத்துக்கு வருகிறவனுக்கு இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்? ஆனால் கடைவீதியில் கண்ட ஒருவன் அவனைத் திருடன் என்று சொன்னபோது, இவன் புகாரில் மாசாத்துவான் மகன், நான் அறிவேன் என்று சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை. புகாரிலே அந்தப் பழி நின்றிருக்குமா? திருப்பூரில் வண்டி மோதிய விவகாரமானாலும், கம்பெனியில் நூல்கோன் காணாமற் போனாலும், வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலும் நம்மவன் தனியனாகத்தான் நிற்கிறான். அதனால்தான் உசிலம்பட்டிக்காரர் ஒரு தெருவிலும், தேனிக்காரர் ஒரு தெருவிலும், புதுக்கோட்டைக்காரர் வேறொரு தெருவிலுமாகச் சேர்ந்து குடியிருக்கிறார்கள். இதைச் சிலர் குறுகிய மனப்பான்மை என்கிறார்கள். எனக்கு அது தற்காப்பாகவே தோன்றுகிறது. இப்பொழுது பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சாட்சி மட்டுமல்ல, பாஷையும் இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்களை அடிக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி செல்போன்களில் பரவியபோது, விசாரித்தறிய யாரையும் தெரியாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனார்கள். வடக்கத்தியான் வந்து நம் கூலியைக் கெடுத்தான் என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. தெற்கத்தியான் வந்து கெடுத்தான் என்று அவ்வூர்க்காரர்கள் நம்மைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

கைமடியாக நுழைந்து டைலராக உயர்ந்தாயிற்று. அதற்கு மேல் என்ன? அவ்வூர் முதலாளிகளில் பலர் தாங்களும் ஒரு காலத்தில் அதே மேசையில் உட்கார்ந்து தைத்தவர்கள் என்பது உண்மை. அதை அவர்கள் பெருமையோடு சொல்லவும் செய்கிறார்கள். உழைத்தோம், உயர்ந்தோம் என்கிறார்கள். உழைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் மிகுதியானோர் சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். முதல் இயந்திரம் வாங்கும்போது அடமானம் வைக்கத் தோட்டம் இருந்தது; கைமாற்றுக் கொடுக்க மாமனார் இருந்தார்; நூல் கடனாகக் கொடுக்கச் சொந்தக்காரர் கடை இருந்தது. இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நம்மவர்களில் உயர்ந்தவர்கள் காண்ட்ராக்டர் ஆகியிருக்கிறார்கள்: பத்துப் பதினைந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, கம்பெனி இயந்திரத்திலேயே பீஸுக்கு இவ்வளவு என்று பேசித் தைத்துக் கொடுப்பவர்கள். ஆர்டர் நின்றால் தன் ஆட்களுக்கு முன்பணமாகக் கொடுத்ததும் போய், ஊரிலிருந்து அழைத்துவந்தவர்களின் ஏச்சும் சேரும். டைலராக இருந்தபோது நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்லாத காண்ட்ராக்டர் அபூர்வம்.

பிள்ளைகளின் கல்வி, வைத்தியம் இவற்றில் நகரத்தின் பக்கமே தராசு சாயும். அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கிவிட்டது. ரேஷன் கார்டும் இப்பொழுது பெரிய தடையல்ல. 2020-இலிருந்து வேறு ஊர்க் கடையிலும் கைரேகை வைத்துச் சாமான் வாங்கலாம். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிற கம்பெனியில் வாரக்கூலி சற்றுக் குறைந்தாலும் அங்கேயே சேருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிடித்தம் இல்லாமல் கையில் முழுசாகக் கொடுக்கிறோம் என்பது தயாளம் அல்ல. வயதான தாய்தகப்பனை லைன் வீட்டுக்கு அழைத்துப்போவதை நான் ஆதரிக்கவில்லை. பத்தடி அறையில், பகல் முழுதும் பேச்சுத்துணையின்றி, வாசலில் செருப்பு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவிகளைக் கண்டால் இந்த ஊர் மந்தை வேம்பு அவர்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது புரியும்.

ஆகவே யார் போகலாம் என்று கேட்டால், இருவரும் வேலை செய்யத் தக்க இளம் தம்பதிகள், கடன் அடைப்பதற்காக அன்றி ஒரு கைத்தொழிலைக் கற்பதற்காகப் போகலாம். அங்கே ஒரு சாட்சியாவது, அதாவது அழைத்தால் வந்து நிற்கும் ஒரு சொந்தமாவது, இருக்கும்போது போகலாம். ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தாலும் சாப்பிடப் பணம் வைத்துக்கொண்டு போகலாம். கடனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறவன், வட்டியையும் கூடவே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறான். அந்த வட்டிக்காக எந்தக் கூலிக்கும் தலையாட்டுகிறான். அவன் ஒருவனால் அந்தக் கூடத்தில் எல்லோருடைய கூலியும் இறங்குகிறது.

மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். "நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா, ஒத்திக்கு விடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்; பெயர் எழுதவில்லை. விற்காதீர்கள். விற்ற பணத்தில் திருப்பூரில் ஒரு சென்ட் இடமும் வராது. இங்கே திரும்புவதற்கு உங்களுக்குக் காலடி மண்ணும் இராது. ஒத்திக்கு விடுவதானாலும் மொத்தமாகப் பணம் வாங்கிச் செலவழித்துவிட்டால் மீட்க முடியாமல் அது விற்றதற்குச் சமானமாகிவிடும். பங்காளிக்கோ அண்டைக் காட்டுக்காரருக்கோ விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விடுங்கள்; வாரம் கொஞ்சமாக இருக்கட்டும், சரியாகக் கொடுக்காமற்கூட இருக்கட்டும், உழவு நிற்காமல் இருந்தால் போதும். வருஷத்துக்கு ஒருமுறை கும்பிடுக்கு வரும்போது கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துத் தீர்வை ரசீதையும் அடங்கலையும் உங்கள் பெயரில் வாங்கி, அந்த இரண்டு காகிதத்தையும் லைன் வீட்டில் வைக்காமல், இங்கே பெட்டியில் உங்கள் அம்மாவிடம் கொடுத்து வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.